தையல் இல்லாத மடி

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் எந்தக் கிடங்கு வாசலில் போய்க் கேட்டாலும் பாண்டித்துரையைக் காட்டிக் கொடுப்பார்கள். நீலச் சட்டை, தலையில் சும்மாடு, கீழே பார்க்காமலே பலகையில் ஏறிப் போகும் கால். மூட்டையைத் தலையில் ஏற்றி வைக்கிறவனின் கண்ணை ஒரு தடவை பார்ப்பான். பார்த்த பிறகுதான் கழுத்தைக் கொடுப்பான். பார்க்காமல் யாருக்கும் கழுத்தைக் கொடுத்ததில்லை. நாற்பது வயது தாண்டியும் ஒரு நாள்கூட ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்ததும் இல்லை.

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மூட்டை தூக்க வந்த மாடசாமிக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவன் பாண்டித்துரை, நடுவில் சங்கரி, கடைசி குழந்தைசாமி. கடைசிப் பிள்ளை நடை பழகும் முன்னாலேயே தாய் போய்விட்டாள். தாயின் அக்காள் காளியம்மைதான் மூன்றையும் சோறு போட்டு ஆளாக்கினாள். மார்க்கெட்டில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் விற்கிறவள், இன்றைக்கும் விற்கிறாள். வம்சத்தில் யார் யாருக்குப் பிறந்தார், யார் எதனால் செத்தார் என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். ஒரு சாவைப் பற்றிக் கேட்டால் நாலு சாவு சொல்லுவாள்.

சங்கரியை வளர்த்ததில் பாதிப் பங்கு பாண்டித்துரைக்கு. கடல் ஏறித் தெருவில் தண்ணீர் நிற்கும் நாட்களில் அவளைத் தோளில் வைத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் இறக்குவான். பள்ளுருத்தியில் ஆட்டோ ஓட்டும் அபிலாஷைத்தான் கட்டுவேன் என்று அவள் நின்றபோது, மலையாளத்துப் பையனுக்கா பெண் கொடுப்பது என்று காளியம்மை இரண்டு நாள் சாப்பிடவில்லை. "அவ சந்தோஷமா இருந்தாப் போதாதா பெரியம்மை" என்று பேசி முடித்தது பாண்டித்துரைதான். தகப்பன் ஸ்தானத்தில் நின்று தாரை வார்த்ததும் அவன்தான்.

அந்தச் சங்கரிக்குத்தான் கிட்னி போனது. மகள் அதிதி பிறந்தபோது காலெல்லாம் வீங்கியது. பிள்ளை பெற்ற உடம்பு, நீர் இறங்கினால் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டார்கள். நீர் இறங்கவில்லை. பிள்ளை ஓடி விளையாடும் காலத்தில் தாய் வாரத்துக்கு மூன்று முறை மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு கிடந்தாள். அதற்காக அவள் இடது கையில் இரண்டு ரத்தக் குழாய்களை ஒன்றாக இணைத்துத் தைத்திருந்தார்கள். அந்த இடம் புடைத்து, விரல் வைத்தால் உள்ளே ஏதோ இரைகிற மாதிரி இருக்கும். அதிதி காதை வைத்துக் கேட்டுவிட்டு, "அம்மா கையில வண்டு இருக்கு" என்பாள்.

எத்தனை நாள் மிஷினை நம்புவது, வேறு கிட்னி வைப்பதுதான் வழி என்றார்கள் டாக்டர்கள். அபிலாஷின் ரத்த வகை ஒத்துவரவில்லை. அவன் தாய்க்குச் சர்க்கரை. அப்போது பாண்டித்துரை யூனியன் ஆபீஸ் வாசலில் பத்துப் பேர் கேட்கச் சொன்னான்: "நான் இல்லையா? என் தங்கச்சிக்கு நான் குடுப்பேன்."

கூட வேலை செய்யும் சேவியர், தினமும் வைப்பினிலிருந்து படகில் வருகிறவன், அவன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான். "நீ ஆளு கொள்ளாம்டா பாண்டி" என்று மெச்சினான். அன்றைக்குச் சாயாக்கடையில் பாண்டித்துரையைக் கை கழுவக்கூட எழ விடவில்லை.

ரத்தம் பார்த்தார்கள், ஒத்தது. இன்னும் என்னென்னவோ பார்த்தார்கள், எல்லாம் ஒத்தது. கடைசியாக ரத்தக் குழாய்களைப் படம் எடுக்க வேண்டும் என்றார்கள். எறணாகுளத்தில் பெரிய ஆஸ்பத்திரி. வட்டமான மிஷினுக்குள் படுக்க வைத்து, கையில் மருந்து ஏற்றினார்கள். ஏறிய உடனே தொண்டையிலிருந்து அடிவயிறு வரை சுடுதண்ணீர் ஓடுகிற மாதிரி ஒரு சூடு. படுத்த இடத்திலேயே மூத்திரம் போய்விட்டதோ என்று நினைத்தான். "மூச்சுப் பிடிங்க" என்று எங்கிருந்தோ ஒரு குரல். யார் சொல்கிறார் என்று பார்க்கக் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் ஒரு முகமும் இல்லை. அந்தக் கணத்தில்தான் அவனுக்கு முதல் முதலாகப் பயம் வந்தது. மறுநாள் மூட்டைக்கு அடியில் நிற்கும்போதும் அது அவனை விடவில்லை.

படம் வந்ததும் டாக்டர் மாதுரி கூப்பிட்டாள். பாலக்காட்டுக்காரி, அவனிடம் தமிழில்தான் பேசுவாள். கம்ப்யூட்டரில் அவனுடைய உள்ளெல்லாம் வேரோடு பிடுங்கிய செடி மாதிரிச் சிவப்பாகத் தெரிந்தது.

"சாதாரணமா ஒரு கிட்னிக்கு ரத்தம் கொண்டுவர ஒரு குழாய் இருக்கும். உங்க இடது கிட்னிக்கு ரெண்டு இருக்கு. இதோ பெரியது. இது கீழ்ப் பக்கமாப் போற மெலிசு."

"மெலிசை வெட்டி விட்டுட்டா என்ன டாக்டர்?"

"வெட்ட முடியாது. அடிப் பக்கத்துக்கும் மூத்திரக் குழாய்க்கும் அதுதான் ரத்தம் கொடுக்குது."

"அப்போ வலது பக்கம்?"

"அதுல ஒண்ணுதான். ஆனா புறப்பட்டதுமே ரெண்டாப் பிரியுது. திரும்பிப் போற சிரையும் குட்டை. எங்களுக்கு இடதுதான் வசதி. எடுத்து வெளியில வச்சு, ரெண்டு குழாயையும் ஒண்ணாத் தைச்சு, அப்புறம் தங்கச்சிக்கு வைப்போம். கொஞ்சம் கூடுதல் வேலை, கொஞ்சம் கூடுதல் ஆபத்து. நாங்க செய்யாததில்ல. நாலு பேரைப் படம் எடுத்தா ஒருத்தருக்கு இப்படித்தான் இருக்கும். இது நோயும் இல்ல, குறையும் இல்ல."

பிறகு கதவைச் சாத்தினாள். கிட்னி கொடுக்கிறவரைத் தனியாக உட்கார வைத்துக் கேட்பது அங்கே ஒரு முறை.

"சேட்டா, இதுக்கு உங்களுக்கு முழு மனசா? யாராவது கட்டாயப்படுத்தினாங்களா?"

கட்டாயம் யாரும் பண்ணவில்லை. அவன்தான் ஊர் கேட்கச் சொன்னான். அவன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தன்னை மயக்கிப் போட்டு, கண் மூடிக் கிடக்கும்போது, கண்ணைப் பார்க்காத யாரோ ஒருவர் கையில் கழுத்தைக் கொடுக்கப் போகிறோம் என்பது மட்டும் தலைக்குள் ஓடியது.

அவள் காத்திருந்துவிட்டுச் சொன்னாள்: "மனசில்லன்னா சொல்லலாம். தப்பில்ல. வெளியில நாங்க 'இவர் சேரலை'ன்னு மட்டும் சொல்லுவோம். என்ன காரணம்னு யார் கேட்டாலும் சொல்ல மாட்டோம்."

"சேரலைன்னே சொல்லிருங்க டாக்டர்."

தன் வாயிலிருந்து அது வந்ததை அவனே கேட்டான். திரும்ப எடுக்க நேரம் இருந்தது. எடுக்கவில்லை.

வெளியே பெஞ்சில் நாலு பேர் இருந்தார்கள். சங்கரி, அபிலாஷ், பாண்டித்துரையின் மனைவி கற்பகம், காளியம்மை. டாக்டர் வந்து ஒரே வரியில் சொல்லிவிட்டுத் திரும்பினாள். காளியம்மை விடவில்லை.

"ஏன் சேராது? ஒரே வயித்துல பிறந்தவன்தானம்மா?"

"அதை நாங்க சொல்றதில்ல அம்மா" என்று டாக்டர் உள்ளே போய்விட்டாள்.

நாலு முகமும் பாண்டித்துரைப் பக்கம் திரும்பியது. அவன் ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆஸ்பத்திரிக்காரர்கள் வாய் திறக்காமல் அவனைக் காப்பாற்றியிருந்தார்கள். ஆனால் சங்கரி அவனைப் பார்த்த பார்வையைத் தாங்க முடியாமல் வாய் தானாகத் திறந்தது.

"எனக்கு ரெட்டை நரம்பாம். ஒரு கிட்னிக்கு ரெண்டு இருக்காம். எடுத்து வைக்க முடியாதாம்."

இரட்டைக் குழாய் மெய். முடியாது என்பதுதான் பொய். பக்கத்தில் வந்து உட்கார்ந்த அண்ணனின் கையை எடுத்து வைத்துக்கொண்டு சங்கரி சொன்னாள்: "நீ என்னண்ணே செய்வ. சாமி போட்ட நரம்பு." தங்கச்சி அண்ணனைத் தேற்றினாள். அதுதான் அவனுக்கு விழுந்த முதல் அடி.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை களமசேரியிலிருந்து குழந்தைசாமி வந்தான். அங்கே ஒரு கம்பெனியில் வெல்டர். கையில் நேந்திரங்காய் வறுவல் பொட்டலம், வாயில் எப்போதும் ஒரு கேலி. காளியம்மை வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னான்: "அண்ணனுக்கு ஆகலைன்னா என்ன, நான் போய்ப் படம் எடுத்துக்கிடுதேன். எனக்கு ரெண்டு இருக்கு, ஒண்ணு சும்மாத்தான கிடக்கு."

காளியம்மை சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உனக்கு எப்பிடிச் சேரும்? அவனும் நீயும் ஒரே வித்து. அவனுக்கு ரெட்டைன்னா உனக்கும் ரெட்டைதான். உங்க தாய்மாமன் செல்லதுரை விலாவைப் பிடிச்சிட்டே செத்தான், ஏன்னு யாருக்கும் தெரியல. இப்போல்லா தெரியுது. அவன் மகளுக்கு நீர் கட்டிச்சே, அதுவும் இதுதான். எங்க அய்யாவுக்குக்கூடக் கடைசியில இடது பக்கம்தான் வலி. இது நம்ம வம்சத்து நரம்பு."

"பெரியம்மை, தாத்தாவுக்கு எண்பது வயசு. அந்த வயசுல எல்லாப் பக்கமும்தான் வலிக்கும்."

"சிரிக்காதலே. தை மாசம் உனக்குக் கல்யாணம் வச்சிருக்கு. சுபாஷிணி வீட்டுல நரம்புக் குறைன்னு காதுல விழுந்தா பெண்ணைக் குடுப்பானா? படமும் வேண்டாம் கிடமும் வேண்டாம். தெரிஞ்ச காரியத்துக்கு ஊசி எதுக்கு?"

குழந்தைசாமி அண்ணனைப் பார்த்தான். "அண்ணே, டாக்டர் என்ன சொன்னாங்க? எனக்கும் இருக்குமா?"

நாலு பேரில் ஒருவருக்கு இருக்கும், குறையே இல்லை என்று டாக்டர் சொன்னது அவன் நாக்கு வரை வந்தது. அதைச் சொன்னால், குறையில்லை என்றால் ஏன் எடுக்கவில்லை என்ற கேள்வி பின்னாலேயே வரும். பாண்டித்துரை மீன் முள்ளை எடுத்துக்கொண்டே, "இருக்கும்னுதான் தோணுது" என்றான்.

முதல் வார்த்தை பயத்தில் வந்தது. இந்த வார்த்தை யோசித்து வந்தது. பின்னால் அவன் தன்னை விடாமல் குத்திக்கொண்டதெல்லாம் இந்த வார்த்தைக்குத்தான்.

பஜார் ரோட்டில் விஷயம் வேறு உருவம் எடுத்தது. "நம்ம பாண்டிக்கு உள்ள டபுள் இஞ்சினாணு" என்று சேவியர் லாரிக்காரனிடமெல்லாம் சொன்னான். "அதான் ஆளு இவ்வளவு பாரம் சுமக்கறது. டாக்டர்மாரே பயந்து போயி." அன்றிலிருந்து அவன் பெயர் டபுள். "டபுளே, ஒண்ணு பிடி", "டபுளுக்கு ஒரு சாயா" என்று நாள் முழுக்கக் கேட்கும். கொடுக்க நினைத்தும் கொடுக்க முடியாமல் போனவன் என்று அந்தப் பெயரில் ஒரு மரியாதையும் இருந்தது. ஒவ்வொரு முறையும் அவனுக்குக் காறி உமிழ வேண்டும் போல வரும், யார் மேல் என்று தெரியாமல்.

வீட்டில் கற்பகம் அவன் உடம்பை வெண்கலப் பாத்திரம் மாதிரிப் பார்த்துக்கொண்டாள். ரெட்டை நரம்புக்காரன் பாரம் தூக்கலாமா என்று டாக்டரிடம் கேட்கவில்லையே என்று அவளுக்குக் கவலை. சங்கரிக்காகக் கோயிலில் விளக்குப் போடும்போது புருஷனுக்கும் சேர்த்து ஒன்று போட்டாள்.

அந்த மழைக்காலத்தில் சங்கரி மெலிந்தாள். ரத்தம் ஊறவில்லை என்று இரண்டு மூன்று முறை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து ரத்தம் ஏற்றினார்கள். கொடுக்க ஆள் வேண்டுமென்றதும் யூனியன் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். பாண்டித்துரையும் கை நீட்டினான். நர்ஸ் எடுத்த ஊசியைப் பார்த்து, இவ்வளவுதானே கேட்டார்கள் என்று நினைத்துக்கொண்டான். இவ்வளவு அல்ல என்று உடனே நினைவு வந்தது.

மழை விட்ட சமயத்தில் ஒரு நாள் சாயங்காலம் சங்கரியும் அதிதியும் அபிலாஷின் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். அபிலாஷ் வண்டியில் இருந்தபடியே, "அளியா, சவாரி உண்டு, பின்ன வராம்" என்று மச்சானிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டான். சங்கரி தட்டில் வெற்றிலை பாக்கும் ஒரு வேட்டியும் வைத்திருந்தாள். தாய்மாமனைக் காதுகுத்துக்கு அழைக்க வந்திருந்தாள்.

"இவளுக்கு இது அஞ்சு வயசுல்லா. ஒத்தப்படையில குத்தணும்ங்கா பெரியம்மை. அடுத்தது ஏழு. ஏழுக்கு நான்..." என்று நிறுத்திக்கொண்டாள். "இப்பவே வச்சிருவோம்ணே. உன் மடியில உக்கார வச்சுக் குத்திப் பாத்துட்டா எனக்கு ஒரு காரியம் முடிஞ்சிரும்."

கற்பகம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சாயா போட உள்ளே போனாள். பாண்டித்துரை தட்டை வாங்கினான். அதிதி அவன் மீசையை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும்" என்றாள் சங்கரி, குரலைத் தாழ்த்தி. "ராத்திரியெல்லாம் இதே யோசனையா இருக்கு. வம்சத்து நரம்புன்னு பெரியம்மை சொல்லுதாள்லா. அப்போ இவளுக்கும் இருக்குமா? என் வழியா இவளுக்கும் வந்திருக்குமா? நான் பெத்தது இதைக் குடுக்கவா?"

அவள் பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே, தனக்குத்தானே பேசுகிற மாதிரி மேலும் சொன்னாள்.

"எனக்குப் புரியாதது ஒண்ணு இருக்கு. என் கையில ரெண்டு குழாயைச் சேத்துத் தைச்சுத்தான வச்சிருக்காங்க? இத்தனை காலம் ஓடுதுல்லா? உனக்கு மட்டும் ஏன் சேத்துத் தைக்க முடியாதுன்னுட்டாங்க? நாம தமிழ்க்காரங்க, படிக்காதவங்கன்னு மெனக்கெடலையோ?"

குற்றம் சாட்டும் குரல் அதில் இல்லை. அவள் ஆஸ்பத்திரியைத்தான் சந்தேகப்பட்டாள். அவனைச் சந்தேகப்பட அவளுக்குத் தோன்றவே இல்லை. தன் கையை அவன் பக்கம் நீட்டினாள். "தொட்டுப் பாரு, எப்பிடி ஓடுதுன்னு." அவன் விரல் வைத்தான். உள்ளே வண்டு இரைந்தது.

மறுநாள் அவன் வேலைக்குப் போகவில்லை. படகுத்துறையில் இறங்கி எறணாகுளம் போனான். டாக்டர் மாதுரியின் அறை வாசலில் காத்திருந்து, கூப்பிட்டதும் உட்காராமலே சொன்னான்: "நான் குடுக்கேன் டாக்டர். எப்போ வேணும்னாலும். இப்போ முழு மனசு."

அவள் அவனை உட்காரச் சொன்னாள். ஏன் இத்தனை நாள் என்று கேட்கவில்லை. சங்கரியின் புது ரத்தத்தையும் அவன் ரத்தத்தையும் எடுத்துத் திரும்பவும் பொருத்திப் பார்க்க வேண்டும் என்றாள். அடுத்த வாரம் கூப்பிட்டு விட்டாள்.

"சேட்டா, சேரல."

மறைக்கிற வார்த்தை என்று நினைத்து அவன் கையெடுத்துக் கும்பிட்டான். "இந்தத் தடவை அப்படிச் சொல்ல வேண்டாம் டாக்டர். எனக்கு மனசு இருக்கு."

"மனசு இருக்கு. எனக்குத் தெரியும். இது நிஜம்." அவள் மெதுவாகச் சொன்னாள். "தங்கச்சிக்கு இடையில ரத்தம் ஏத்தினோம் இல்லையா? அதுல சில பேர் உடம்பு வெளி ஆளை எதிர்க்கப் பழகிடும். இப்போ அவங்க ரத்தம் உங்களோடதைப் பார்த்தாலே சண்டைக்குப் போகுது. வச்சா அன்னிக்கே கெட்டுப்போகும். அன்னிக்குச் சேர்ந்தது, இன்னிக்குச் சேரல."

பிறகு ஒன்று கேட்டான். "என் ரெட்டைக் குழாய் தம்பிக்கும் இருக்குமா? தங்கச்சி மகளுக்கு?"

"இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கூடப்பிறந்தவங்கன்னா உள்ள எல்லாம் ஒரே வரைபடம்னு இல்ல. இருந்தாலும் அதனால ஒரு கெடுதலும் கிடையாது. தம்பி இருக்காரா? ஏன் இதுவரை வரல?"

அந்தக் கேள்விக்கு அவனிடம்தான் பதில் இருந்தது. அவனிடம் மட்டும்தான். இனி சங்கரிக்கு உள்ள ஒரே வழி குழந்தைசாமி. அந்த வழியில் கதவைச் சாத்திக் குறுக்கே நிற்பது அவனுடைய ஒரு சொல்.

ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்கவில்லை. தம்பிக்குப் போன் பண்ணி அன்றைக்கே வரச் சொன்னான். காளியம்மை வீட்டில் எல்லோரையும் கூட்டினான். கற்பகம் சுவரோரம், காளியம்மை அரிவாள்மணை முன்னால், சங்கரியும் அபிலாஷும் கட்டிலில், குழந்தைசாமி வாசல்படியில் செருப்பைக்கூடக் கழற்றாமல். மூட்டைக்கு அடியில் நிற்கும்போது மாதிரிக் கால்களை அகட்டி நின்றுகொண்டு பாண்டித்துரை சொன்னான்.

"முடியாதுன்னு டாக்டர் சொல்லல. ரெண்டையும் தைச்சு வைக்கலாம்னுதான் சொன்னாங்க. நான்தான் பயந்து வேண்டாம்னேன். உங்ககிட்ட ரெட்டை நரம்பு மேல பழியைப் போட்டேன். இப்போ குடுக்கேன்னு போனேன், இப்போ நிஜமாவே சேரல. தம்பிக்கு இருக்கும்னு சொன்னதும் பொய். இருக்குமா இல்லையான்னு யாருக்கும் தெரியாது. அவன் போய்ப் பாக்கட்டும்."

யாரும் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

குழந்தைசாமிதான் முதலில் பேசினான். "பஜார் ரோடே உன் தலையில நிக்குன்னு நினைச்சேன். ஒரு ஊசிக்கா அண்ணே?" சிரிப்பு வரவில்லை அவனுக்கு. "மீன் முள்ளு எடுத்துட்டே சொன்னியே. அன்னிக்கே நான் போயிருப்பேன்லா."

"அப்போ எங்க அய்யாவுக்கு என்ன?" என்றாள் காளியம்மை, யாரிடம் என்றில்லாமல். பாதி நறுக்கிய முருங்கைக்காயை அவள் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு, "நானும்லா அவனைத் தடுத்தேன்" என்று மெல்லச் சொன்னாள்.

கற்பகம் கேட்டாள்: "எங்கிட்டக்கூடச் சொல்லலையே. நான் வேண்டாம்னு சொல்லுவேன்னா, குடுன்னு சொல்லுவேன்னா?"

அவன் சங்கரியைப் பார்த்தான். அவள் மடியில் கிடந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது ஒன்றுதான் கேட்டாள்.

"அப்போ அதிதிக்கு ஒண்ணும் இல்லல்லா?"

"ஒண்ணும் இல்ல தாயி. இருந்தாலும் அது குறையே இல்லையாம்."

"அது போதும்" என்று அபிலாஷின் கையைப் பிடித்து எழுந்து போனாள். அண்ணன் என்ற சொல் அதற்குப் பிறகு பல நாள் அவள் வாயில் வரவில்லை. திட்டவும் இல்லை. ஆஸ்பத்திரியில் எதிரே வந்தால் சாப்பிட்டியா என்று கேட்பாள், வெளி ஆளைக் கேட்கிற மாதிரி.

குழந்தைசாமி போய்ப் படம் எடுத்தான். பக்கத்துக்கு ஒன்றாக, பிசகில்லாத குழாய்கள். ரத்தமும் சங்கரியின் ரத்தத்தோடு சண்டை போடவில்லை. பெண் வீட்டில் போய் அவனே சொன்னான். சுபாஷிணி, "ஒண்ணு போனா மீதி எல்லாம் எனக்குத்தான, கல்யாணத்தை மாசிக்குத் தள்ளி வைக்கலாம்" என்றாளாம். அவளுடைய தகப்பனுக்குத்தான் கொஞ்ச நாள் முகம் கோணிக் கிடந்தது.

ஆபரேஷன் நடந்த நாளில் பாண்டித்துரை காலையிலிருந்து வராந்தாவில் நின்றான். உட்காரச் சொன்னவர்களிடம் கால் பழகிவிட்டது என்றான். ஸ்ட்ரெச்சரில் தம்பியைத் தள்ளிக்கொண்டு போகையில் கூடவே நடந்து கதவு வரை போனான். குழந்தைசாமிக்கும் பயம் இருந்தது. "யாருன்னே தெரியாத ஆளுக கையில போறேன்ணே" என்றான். "அந்தப் பயம் எனக்குத் தெரியும்" என்று மட்டும் பாண்டித்துரை சொன்னான். கதவு சாத்திக்கொண்டது. பயந்தவனும் போகலாம் என்பது அந்தக் கதவுக்கு முன்னால் நிற்கும்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

கிட்னி அன்றைக்கே வேலை செய்ய ஆரம்பித்தது. சங்கரியின் மூத்திரப் பை நிறைந்ததை நர்ஸ் வந்து சொன்னபோது, அபிலாஷ் வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதான்.

பஜார் ரோட்டில் பாண்டித்துரை தானாகவே சேவியரிடம் சொல்லிவிட்டான். சேவியர் வெகுநேரம் பீடியைக் கையில் வைத்துக்கொண்டு பற்ற வைக்காமல் இருந்தான். "பேடிக்காத்தவன் ஆரு, பயம் எல்லாருக்கும் உண்டு" என்றான் கடைசியில். "பட்சே நீ எங்களை அத்தனை நாள் கொண்டாட விட்டியே." பெயரை மாற்றச் சொல்லிக் கேட்டான் பாண்டித்துரை. லாரிக்காரர்கள் வரை பரவிய பெயரை யார் மாற்றுவது? இன்றைக்கும் டபுள்தான். கூப்பிட்டால் திரும்புகிறான்.

ஆபரேஷனுக்காக அதிதியின் காதுகுத்தைத் தள்ளிப் போட்டிருந்தார்கள். அவளுக்கு ஆறு வயது தொடங்கச் சில நாட்களே இருந்தன. ஒற்றைப்படை தப்பக்கூடாது என்று காளியம்மை சொன்னாள். கூட்டம் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் பள்ளுருத்தி வீட்டில், வீட்டு ஆட்களை மட்டும் வைத்துக் காதுகுத்து. சங்கரி முகத்தில் மாஸ்க் போட்டுக்கொண்டு உள் அறைக் கதவோரம் நின்றாள். கன்னத்தில் கொஞ்சம் சதை வந்திருந்தது. பாண்டித்துரை கையில் பழத்தட்டோடு வந்து, தட்டை வைத்துவிட்டு, கூட்டத்தில் கடைசியாகப் போய் நின்றுகொண்டான். தாய்மாமன் மனையில் இந்தத் தடவை உட்கார வேண்டியது யாரென்று அவனுக்குச் சந்தேகமில்லை. குழந்தைசாமிக்கு வேட்டி மாலையெல்லாம் எடுத்து வைத்திருந்தார்கள். அவனும் மனைக்கு வந்து மெதுவாகக் குனிந்தான்.

காது குத்துகிற ஆசாரி கம்பியை எடுத்ததைப் பார்த்ததும் அதிதி கையையும் காலையும் உதறிக்கொண்டு அலறினாள். அவளை அணைக்கக் கை நீட்டிய குழந்தைசாமி, அவள் கால் பட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினான்.

"இவ மிதிச்சாத் தையல் தாங்காது" என்றாள் அவனைக் கட்டிக்கொள்ளப் போகிற சுபாஷிணி. "பாரம் எதுவும் தூக்கக் கூடாதுன்னுல்லா சொல்லியிருக்காங்க."

சங்கரி கதவோரத்திலிருந்து கூட்டத்தின் கடைசி வரை பார்த்தாள்.

"அண்ணே" என்றாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அந்தச் சொல். "நீ உக்காரு. அவனுக்குத் தையல் இருக்கு. உனக்கு இல்லல்லா."

உள்ளதைத்தான் சொன்னாள். அதில் குத்தல் இருந்ததா என்று மாஸ்க்குக்கு மேலே தெரிந்த கண்ணில் அவன் தேடிப் பார்த்தான், கண்டுபிடிக்க முடியவில்லை. குழந்தைசாமி தன் கழுத்து மாலையைக் கழற்றி அண்ணன் கழுத்தில் போட்டு, "பிடிச்சுக்கோ, நல்லா உதைப்பா" என்றான்.

பாண்டித்துரை மனையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். பிள்ளையை மடியில் இருத்தி, தலையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தான். ஆசாரி குனிந்தார். கம்பி ஏறியபோது அதிதி துள்ளி, குதிகாலால் அவன் இடது விலாவில் ஒன்று விட்டாள். பிறகு இன்னொன்று. அங்கே இரண்டு குழாய்களோடு கிட்னி பத்திரமாக இருந்தது. அவன் நகராமல் வாங்கிக்கொண்டான். இன்னொரு காது பாக்கி இருந்தது.